அக்கா செய்யும் தொழில் தெரிந்துவிட்ட பிறகு

வாசகர் கேள்வி:

எனக்கு 24 வயது. அப்பா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா வேறொரு நகரத்துக்குப் போய், தனியார் அலுவலகத்தில் வேலை என்று சொல்லி, மாதம் தவறாமல் பணம் அனுப்பி என்னைப் பட்டப்படிப்பு முடிக்க வைத்தார். மூன்று மாதங்களுக்கு முன் எனக்கும் வேலை கிடைத்தது. ஆறு வாரங்களுக்கு முன் ஒரு நண்பன் இணையத்தில் வந்த ஒரு பாலியல் தொழில் விளம்பரத்தைக் காட்டினான். முகம் பாதி மறைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அது என் அக்காதான். அன்றிலிருந்து அவர் அழைத்தால் நான் போனை எடுப்பதில்லை. இந்த மாதமும் பணம் வந்துவிட்டது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. உண்மையில் இந்தத் தொழிலில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்? படித்த, நல்ல குடும்பத்துப் பெண் இதற்கு எப்படிப் போக முடியும்? ஏன் விட்டு வர முடியவில்லை? அவருக்கு நோய் இருக்குமா? நான் என்ன செய்ய வேண்டும்?

மருத்துவரின் பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை இரண்டு நாள் பொறுக்கும், இது பொறுக்காது. அடுத்த முறை அக்கா அழைக்கும்போது போனை எடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் எடுங்கள். நான் பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் நூற்றுக்கணக்கான பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை உருக்குலைப்பது எது என்று கேட்டால் நோய் என்று நான் சொல்ல மாட்டேன். கெடுதல் ஒன்று நடந்தால் அதைப் போய்ச் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லாத நிலைமைதான் அவர்களை உருக்குலைக்கிறது. என்றாவது ஒருநாள் தம்பியிடமாவது சொல்லிவிடலாம் என்று உங்கள் அக்கா நினைத்திருந்தால், ஆறு வாரமாக அந்த வழியும் அவருக்கு அடைபட்டுக் கிடக்கிறது.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு வீடாகப் போய் எண்ண முடியாதவர்களை எண்ணுவதற்குக் களப்பணியாளர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பெண்கள் நிற்கும் இடம், தங்கும் இடம், வாடிக்கையாளரைச் சந்திக்கும் இடம் எல்லாவற்றையும் முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு வாரம் முழுக்க, சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் வேறெங்கும் கிடைக்காத ஒரு சிறு பொருளை, உதாரணத்துக்கு ஒரு குறிப்பிட்ட நிறத்துச் சாவி வளையத்தை, கொடுத்துவிட்டு வருவார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் அதே இடங்களுக்குப் போய், இப்போது சந்திப்பவர்களில் எத்தனை பேர் அந்த வளையத்தை வாங்கியவர்கள் என்று கேட்பார்கள். முதலில் 500 வளையம் கொடுத்திருந்து, இரண்டாம் முறை சந்தித்த 400 பேரில் 100 பேர் அதை வாங்கியிருந்தால், அந்த நகரத்தில் ஏறத்தாழ 2,000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்கிடலாம். ஏரியில் இருக்கும் மீன்களைக் கணக்கிடவும் இதே வழியைத்தான் கையாளுகிறார்கள். ஆனால் வாடகை அறையில் இருந்துகொண்டு போன் வழியாக மட்டும் வாடிக்கையாளரைச் சந்திக்கும் உங்கள் அக்காவைப் போன்றவரின் கையில் அந்த வளையம் வந்து சேர்வதே இல்லை.

அதனால்தான் கிடைக்கும் எண்கள் எல்லாமே அகலமான எல்லைகளுக்கு நடுவே நிற்கின்றன. பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசிய நாடுகளில் வயது வந்த பெண்களில் ஆயிரத்துக்கு 2 முதல் 26 பேர் வரையிலும், மேற்கு ஐரோப்பாவில் ஆயிரத்துக்கு 1 முதல் 14 பேர் வரையிலும் இந்தத் தொழிலில் இருப்பதாகக் கண்டது. உலகம் முழுவதிலும் நான்கு கோடிப் பேர் என்ற எண்ணும் புழங்குகிறது. அது யாரும் ஆளாளாக எண்ணி எடுத்தது அல்ல என்பதால் அதை நான் நம்பி எடுத்துக்கொள்வதில்லை. இந்தக் கணக்குகள் பெண்களை மட்டும் எண்ணியவை. ஆண்களும் திருநங்கைகளும் இவற்றில் வருவதில்லை. எண் எதுவானாலும், ஆயிரம் பெண்கள் வாழும் ஒரு குடியிருப்பில் இரண்டு பேர் என்று குறைந்தபட்சமாகவே வைத்துக்கொண்டால்கூட, உங்களைப் போல ஒரு தம்பியோ மகனோ அம்மாவோ நீங்கள் தினமும் கடந்து போகிறவர்களில் இருக்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை என்பதால்தான் உங்கள் வீட்டில் மட்டும் இடி விழுந்ததுபோல உங்களுக்குத் தோன்றுகிறது.

நல்ல குடும்பத்துப் பெண் எப்படிப் போக முடியும் என்ற கேள்வியை நீங்கள் வேதனையில் கேட்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை அக்காவிடம் இதே சொற்களில் கேட்டுவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் படிக்காதவர்களும் உண்டு, பட்டம் வாங்கியவர்களும் உண்டு. கணவன் கைவிட்டவர், அப்பாவின் மருத்துவக் கடனை அடைக்க வந்தவர், பகலில் வேறொரு வேலை பார்த்துக்கொண்டு மாதத்தில் நான்கைந்து நாள் மட்டும் இதைச் செய்பவர், இரண்டு ஆண்டு செய்துவிட்டு நிறுத்தி மறுபடியும் வந்தவர் என்று எத்தனையோ விதம். பெரும்பாலான கதைகளில் வீட்டில் சம்பாதித்த ஒருவர் திடீரென்று இல்லாமல் போகிறார். அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பெண்ணுக்குக் கிடைக்கும் மற்ற வேலைகளின் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் எட்டவில்லை. உங்கள் அக்காவின் கதை இதுதான் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரியிலேயே அப்பாவின் மரணமும் உங்கள் படிப்பும் இருக்கின்றன.

அவர் தானாக இதைச் செய்கிறாரா, அல்லது யாராவது அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்களா என்பதை மட்டும் நீங்கள் நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் 63 லட்சம் பேர் கட்டாயத்தின்பேரில் பாலியல் வணிகத்தில் சுரண்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்களில் 17 லட்சம் பேர் குழந்தைகள். ஐக்கிய நாடுகள் அவை 2000-இல் ஏற்றுக்கொண்ட ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறை, 18 வயதுக்கு உட்பட்டவர் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடம் தருவதில்லை. வயது வந்தவர் விஷயத்தில் நான் கவனிப்பவை எளியவை. அடையாள அட்டையும் போனும் யார் கையில் இருக்கின்றன, வந்த பணத்தை யார் வாங்கி வைக்கிறார்கள், இன்று முடியாது என்று அவரால் சொல்ல முடிகிறதா, நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் யாராவது தடுப்பார்களா என்று பார்ப்பேன். உங்கள் அக்கா தாமே போன் செய்கிறார், மாதந்தோறும் பணம் அனுப்புகிறார் என்பதெல்லாம் ஆறுதலான அறிகுறிகள். ஆனால் அவை மட்டும் போதாது. அவர் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக அவர் வாயாலேயே தெரிந்தால், ஆள்கடத்தலுக்கு எதிரான உதவி எண்ணையும் ஒரு வழக்கறிஞரையும் உடனே நாடுங்கள். அப்படி இல்லாத பட்சத்தில், அவரைக் கேட்காமல் காவல்துறையை அனுப்பி மீட்கும் வேலையில் இறங்காதீர்கள். அப்படி நடந்த ரெய்டுகளில் பிடிபட்டு, மாதக்கணக்கில் காப்பகத்தில் இருந்துவிட்டு, கைச்சேமிப்பையும் வாடகை அறையையும் இழந்து, முன்னைவிடப் பெரிய கடனோடு அதே தொழிலுக்குத் திரும்பி வந்த பெண்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். அவர்களுடைய நோயைக் குணப்படுத்த முடிந்தது; மீட்பின் பெயரால் அவர்கள் இழந்ததைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை.

இனி ஆபத்துகளைப் பற்றிச் சொல்கிறேன். மணிக்கட்டில் ஆழமான கன்றலோடு ஒருவர் என்னிடம் வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். விரல்கள் பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. நான் எதுவும் கேட்காமல் மருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தபோதும் அதே பதில். மூன்றாம் முறை, முதலில் பதிவேட்டில் கொடுத்திருந்த பெயர் தன் பெயரே இல்லை என்று சொல்லிவிட்டு, போன் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். தன்னை அடித்தவனின் வண்டி எண்ணை அதில் குறித்து வைத்திருந்தார். ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அங்கே போனால் முதலில் பெயரைக் கேட்பார்கள், அடுத்துத் தொழிலைக் கேட்பார்கள், அதற்குப் பிறகு எதையும் கேட்க மாட்டார்கள் என்றார். அந்தக் காகிதத்தை அவர் திரும்ப மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இது ஒருவருடைய கதை மட்டுமல்ல. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரை, பாலியல் தொழிலாளர்களில் 45 முதல் 75 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது தொழிலிடத்தில் வன்முறையைச் சந்தித்திருப்பதாகக் காட்டியது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 1980-களில் தொடங்கிப் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த ஒருவன், 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டபோது, பாலியல் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தையும் சொன்னான்: அவர்கள் காணாமல் போனால் உடனே யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள், ஒருவேளை எப்போதுமே கொடுக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்களின் நினைவாகத்தான் அந்த ஆண்டிலிருந்து டிசம்பர் 17, பாலியல் தொழிலாளர்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தேடுவதற்கு ஆள் இல்லை என்பதைக் கெட்டவர்கள் எவ்வளவு துல்லியமாக மோப்பம் பிடிக்கிறார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதினேன்.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்பீர்கள். பல நாடுகளில் சட்டமே அவர்களைத் தனியாக நிற்க வைக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பெண் தனியாக ஓர் அறையில் இந்தத் தொழிலைச் செய்வது குற்றமில்லை. பாதுகாப்புக்காக இரண்டு பேர் ஒரே வீட்டில் சேர்ந்து செய்தால் அந்த வீடு விபசார விடுதி என்ற கணக்கில் வந்துவிடும். இந்தியாவின் 1956-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பெண் தானாக இந்தத் தொழிலைச் செய்வதைக் குற்றமாக்கவில்லை; ஆனால் பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதும் விடுதி நடத்துவதும் அதன்படி குற்றம். 18 வயதைக் கடந்த ஒருவர் அந்த வருமானம் என்று தெரிந்தே அதில் வாழ்ந்தாலும் இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம் என்று அதில் இருக்கிறது. தரகர்களைப் பிடிக்க எழுதிய அந்தப் பிரிவு, எழுத்தின்படி பார்த்தால், படிக்கும் மகனையும் தம்பியையும் வயதான அம்மாவையும் சேர்த்தே பிடிக்கும். அக்கா இத்தனை ஆண்டுகளாக உண்மையைச் சொல்லாததற்கு வெட்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் நினைத்திருக்க நியாயம் உண்டு. இதே இந்தியாவில் உச்ச நீதிமன்றம் அமைத்த ஒரு குழு, தன் விருப்பத்தின்பேரில் இந்தத் தொழிலில் இருக்கும் வயது வந்த பெண்ணை ரெய்டின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, தாய் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையை அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைகளில் சிலவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2022 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது; அவற்றில் ஒன்று, ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது என்பது.

அந்தக் கடைசி வரியின் அருமை சிகிச்சை அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். இலவசமாகக் கொடுக்கும் ஆணுறைகளை ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னால், இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பையில் அதற்குமேல் இருந்தால், சோதனையில் அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்ற பயம். 2012-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற அமைப்பு நியூயார்க், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் விசாரித்து, காவல்துறை ஆணுறைகளைச் சான்றாக எடுத்துக்கொண்டதையும், அதற்குப் பயந்து பெண்கள் ஆணுறை இல்லாமல் வெளியே போனதையும் பதிவு செய்தது. ஒரு கை ஆணுறையைக் கொடுக்கிறது, இன்னொரு கை அதைக் காட்டிச் சிறையில் தள்ளுகிறது என்றால், நோய் பரவியதற்கு அந்தப் பெண்ணையா குற்றம் சொல்வது?

வாங்குபவரைத் தண்டித்தால் போதும் என்று 1999-இல் சுவீடன் தொடங்கிவைத்த வழியை, நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து முதலிய நாடுகள் பின்பற்றுகின்றன. அதை ஆதரிப்பவர்களில் என் மதிப்புக்குரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயந்துபோன வாடிக்கையாளர் பேரம் பேசி முடிவதற்குள் வண்டியில் ஏறச் சொல்வார், தன் பெயரைச் சொல்ல மாட்டார், இருட்டான இடத்தைக் கேட்பார். இவை எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில்தான் விடிகின்றன. நியூசிலாந்து 2003-இல், ஒரே ஓட்டு வித்தியாசத்தில், இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து அங்கே நடந்த ஆய்வில், பிடிக்காத வாடிக்கையாளரை மறுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது என்று 60 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் சொன்னார்கள். 2014-இல் வெலிங்டன் நகரப் பெண் ஒருவர், விடுதி நடத்தியவர் தன்னிடம் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டு, 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். பாலியல் தொழில் செய்பவருக்குப் பாலியல் தொல்லை என்று ஒன்று உண்டா என்று கேட்காமல், அவருடைய புகாரைப் புகாராக எடுத்துக்கொண்ட இடம் அது. அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டுப் பெண்களுக்கு அது பொருந்தாது. ஏமாற்றுபவர்கள் இன்று அவர்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

உங்கள் நண்பன் காட்டிய விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்கு அது அவமானமாகத் தெரிந்தது. அவருக்கு அதுதான் காவலாகவும் இருக்கலாம். தெருவில் நிற்பவர் ஒரு நிமிடத்தில் முடிவு எடுக்க வேண்டும். போனில் பேசுபவர் எதிராளியின் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், குரலைக் கேட்டு மறுக்கலாம், தோழியிடம் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம். 2018-இல் அமெரிக்கா இணைய விளம்பரத் தளங்களைக் குறிவைத்து ஒரு சட்டம் கொண்டுவந்த சமயத்தில், தளங்கள் மூடப்பட்டதால் அந்த வசதியை இழந்து, தரகரிடமும் தெருவுக்கும் திரும்ப நேர்ந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். அதே படம் மிரட்டுபவர் கையில் கிடைத்தால் ஆயுதமாகிவிடும் என்பதும் உண்மை. ஆகவே நண்பனிடம் போய், அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். யாருக்காவது அனுப்பியிருக்கிறானா என்று கேளுங்கள். தயங்காமல் உறுதியாகக் கேளுங்கள்.

நோயைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள 50 நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பெண் பாலியல் தொழிலாளர்களின் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி. தொற்று இருந்தவர்கள் 11.8 சதவீதம். மற்ற பெண்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். அதே வேளையில், நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேருக்குத் தொற்று இல்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. நாட்டுக்கு நாடு இது பெரிதும் மாறுபடும். ஆகவே உங்கள் அக்காவுக்கு இருக்கும் என்றும் சொல்ல முடியாது, இருக்காது என்றும் சொல்ல முடியாது. பரிசோதனை செய்துகொண்டால் தெரிந்துவிடும். தொற்று இருந்தாலும், தினமும் மருந்து எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியாக அது இன்னொருவருக்குப் பரவாது. அவர் வீட்டுக்கு வந்தால் தட்டு, துணி, கழிப்பறை, தலையணை எதையும் தனியாக வைக்காதீர்கள். தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் எச்.ஐ.வி. வராது, தனியாக வைத்த தட்டு உண்டாக்கும் காயத்துக்கு எங்களிடம் மருந்து கிடையாது.

அக்காவே கேட்டால் மட்டும், அல்லது பேச்சு இயல்பாக அங்கே போனால் மட்டும், இவற்றை அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் உங்களைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ் உள்ளிட்ட பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். எச்.ஐ.வி. தொற்று வராமல் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மாத்திரையும் இப்போது இருக்கிறது. ஆணுறை கிழிந்தாலோ, யாராவது பலவந்தப்படுத்தினாலோ 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே, மருத்துவமனைக்குப் போனால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடலாம். அதை 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். இந்த 72 மணி நேரக் கணக்கு தெரிந்திருந்தும், துணைக்கு வர ஆள் இல்லாமல் நான்காம் நாள் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூக்கமின்மை, மனச்சோர்வு, தூங்குவதற்காகத் தொடங்கிய குடி என்பவையும் என் அறைக்கு வரும் நோய்கள்தான். அவற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஏன் விட்டு வர முடியவில்லை என்றால், பல நேரம் அடுத்த மாதச் செலவுதான் காரணம். தரகரிடமோ விடுதிக்காரரிடமோ வாங்கிய முன்பணம், எட்டு பத்து ஆண்டு என்ன வேலை பார்த்தாய் என்று கேட்கும் நேர்காணல், பழைய வழக்கு ஒன்று இருந்தால் அது, பார்த்துவிட்ட யாரோ ஒருவர் வந்து சொல்லிவிடுவாரோ என்ற பயம், இவ்வளவும் சேர்ந்து பிடித்து வைக்கும். சேமிப்புக்கும் வழி இருக்காது. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1992-இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா எச்.ஐ.வி. தடுப்புப் பணியைத் தொடங்கியபோது, அந்தப் பெண்களையே களப்பணியாளர்களாக்கினார். ஆணுறை வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்ல வேண்டுமானால், ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் அன்றைய நாள் ஓடும் என்ற நிலைமை வேண்டும் என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டார்கள். அப்படித்தான் 1995-இல் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் உஷா கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இல்லத்தரசிகள் என்று எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தருகிறோம் என்று அதிகாரிகள் சொல்ல, பொய்யான பெயரில் தொடங்க மாட்டோம் என்று நின்று, தங்கள் தொழிலின் பெயரிலேயே அதைப் பதிவு செய்தார்கள். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லத் தொடங்குவது சட்டத்திலோ அறிவுரையிலோ இருந்து அல்ல, கையிருப்பில் இருந்துதான் என்று நான் கற்றுக்கொண்டது அந்த அனுபவத்தைப் படித்த பிறகுதான்.

அக்கா உங்கள் படிப்புக்குச் செலவழித்தார். தனக்கென்று எவ்வளவு வைத்திருக்கிறார் என்று நீங்கள் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டீர்கள். இந்த மாதம் வந்த பணத்தைக் கோபத்தில் திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவின் செலவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அனுப்பும் பணத்தை உங்கள் பெயரிலேயே போட்டு வையுங்கள் என்று சொல்லுங்கள். அதற்குப் பதிலாகத் தொழிலை விட்டுவிடுங்கள் என்று நிபந்தனை போடாதீர்கள். விடுவதா, எப்போது விடுவது என்பதை முடிவு செய்ய அவருக்கு அவகாசம் கிடைப்பதே நீங்கள் செய்யும் உதவி.

அம்மாவிடம் சொல்வது உங்கள் வேலை இல்லை. அது அக்காவின் செய்தி. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர் உரிமை. 1975 ஜூன் 2 அன்று பிரான்சின் லியோன் நகரத்தில் நூறு பெண்கள் அளவில், காவல்துறையின் அபராதமும் சிறையும் தாங்க முடியாமல், செயின்ட் நிசியே தேவாலயத்துக்குள் புகுந்து எட்டு நாள் வெளியே வர மறுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தாய் சிறைக்குப் போவதில் விருப்பமில்லை என்று எழுதித் தேவாலயத்தின் முகப்பில் தொங்கவிட்டார்கள். ஊருக்கு முன்னால் முதல் முறையாக வாய் திறந்தபோதும் அவர்கள் பேசியது வீட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். உங்கள் அக்காவும் உங்களையும் அம்மாவையும் வைத்துத்தான் ஒவ்வொரு மாதத்தையும் கணக்குப் பார்த்திருப்பார்.

போனை எடுத்ததும், இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று அவர் கேட்பார். வேலை அதிகம் என்று பொய் சொல்லாதீர்கள். எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது, அதிர்ச்சியாக இருந்தது, அதற்காகப் பேசாமல் இருந்தது தப்பு என்று சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், போனை வைத்தும் விடலாம். வைத்தால் மறுநாள் நீங்களே அழையுங்கள். அவர் பேசத் தயாரானதும் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: அவர் இப்போது தங்கியிருக்கும் இடத்தின் முழு முகவரியும், அங்கே அவர் நம்பும் ஒரு தோழியின் எண்ணும். போனில் மட்டும் வைக்காமல் ஒரு காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து இரண்டு நாள் செய்தி வராவிட்டால் அந்தத் தோழியை அழைப்பது என்றும், அவருக்கும் தெரியாவிட்டால் அன்றே பேருந்து ஏறிவிடுவது என்றும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.